காலையில் மட்டும் அடம்பிடிக்கும் வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, என் வண்டி 30 வருடப் பழசு. பெட்ரோலில் ஓடும் இன்ஜெக்‌ஷன் டிரக், நாலு சிலிண்டர். ராத்திரி முழுக்க நின்றால் காலையில் 15 விநாடி வரைக்கும் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. பிடிக்கிற மாதிரி பிடித்து அணைந்துவிடும், மூன்றாவது நாலாவது தடவைதான் நிற்கும். அதற்குப் பிறகு நாள் முழுக்கத் தொந்தரவே இல்லை, சாவியைத் தொட்டாலே ஓடுகிறது. பிளக், பெட்ரோல் ஃபில்டர், பேட்டரி மூன்றையும் மாற்றியாகிவிட்டது. பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனால் அங்கே ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. இப்போது பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மூன்று பொருளை மாற்றியும் நோய் அப்படியே இருக்கிறது என்றால் நாலாவதையும் குருட்டாம்போக்கில் மாற்றக்கூடாது. உங்கள் கடிதத்திலேயே விஷயம் இருக்கிறது: 'பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனால்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டிக்கொண்டு போனதுமே இன்ஜின் சூடாகிவிட்டது, பார்க்க வேண்டியது எதுவும் அங்கே மிச்சமில்லை. காலை ஸ்டார்ட்டிங் கோளாறை ஆறிய இன்ஜினில்தான் பார்க்க முடியும், அதுவும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான். முதல் தடவை செல்ஃப் அடித்ததுமே பெட்ரோல் உள்ளே போய்விடும், பைப்பில் பிரஷர் ஏறிவிடும், பிறகு எதைச் சோதித்தாலும் அது வேறு நிலைமை. அதனால் ஒன்று, முந்தின நாள் சாயங்காலமே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு 'காலையில் யாரும் சாவியைத் தொடாதீர்கள், நான் வந்ததும் சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீட்டு வாசலிலேயே நீங்கள் பாருங்கள். நாளைக் காலையில் எதைப் பார்க்கப்போகிறோம் என்று இன்று ராத்திரியே முடிவு செய்துகொண்டு, ஒரு நாளுக்கு ஒன்று என்று பார்த்து, கண்டதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாலைந்து காலையில் பிடிபட்டுவிடும்.

சில்லிட்ட இன்ஜினுக்கு என்ன வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். சூடான இன்ஜினில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் போதும். ஆறிக் கிடக்கும் இன்ஜினில் போகிற பெட்ரோலில் பெரும்பகுதி, காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும், லேசான பகுதி மட்டும்தான் ஆவியாகும். ஆகவே பல மடங்கு அதிகமாக ஊற்ற வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் சோக் இழுத்தது இதற்காகத்தான். இன்ஜெக்‌ஷனில் சோக் கிடையாது, அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. இன்ஜின் எவ்வளவு ஆறியிருக்கிறது என்பதைக் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சொல்கிறது, அதைக் கேட்டு இன்ஜெக்டரைக் கம்ப்யூட்டர் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. பின்னால் பைப்பில் பெட்ரோல் முழு பிரஷரோடு தயாராக நின்றால்தான் திறந்த நேரத்துக்கு உரிய அளவு விழும். இந்த மூன்றில் எது விட்டுப்போனாலும் நீங்கள் எழுதியிருப்பதுபோலத்தான் இருக்கும்.

முதல் காலை. செல்ஃப் அடிக்கவே வேண்டாம். கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோ, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பிக் காதைக் கொடுங்கள். டேங்க் பக்கமிருந்து 'ம்ம்ம்' என்று இரண்டு விநாடி ஒரு சத்தம் வந்து நின்றால் பம்ப் ஓடுகிறது. ஆஃப் செய்யுங்கள், மறுபடி ஆன், மறுபடி இரண்டு விநாடி. இப்படி மூன்று தடவை செய்துவிட்டு, நாலாவது தடவை செல்ஃப் அடியுங்கள். சட்டென்று பிடித்துக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிட்டது: ராத்திரியோடு ராத்திரியாகப் பைப்பில் பிரஷர் இறங்கிப்போகிறது. மூன்று தடவை செய்தும் அதே 15 விநாடி ஆகிறது என்றால் பிரஷரை மறந்துவிட்டுச் சென்சார் பக்கம் போங்கள், அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

சத்தமே வரவில்லையா? பயப்பட வேண்டாம், இரண்டு காரணம் இருக்கலாம். காற்றை அளக்க மடல் வைத்த பழைய வகை வண்டிகளில் சாவியைத் திருப்பினால் மட்டும் பம்ப் ஓடாது, செல்ஃப் சுற்றும்போதுதான் ஓடும், அது அதன் இயல்பு. இன்னொன்று அவ்வளவாக யாரும் யோசிக்காதது. சில பழைய டிரக்குகளில் பம்ப்புக்குக் கரன்ட் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, கரன்ட்டைத் திறந்து மூடும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் வழியாக. இன்னொன்று ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக, ரிலே கெட்டால் கைகொடுப்பதற்கு. ரிலே செத்துப்போனால் செல்ஃப் அடித்து அடித்து ஆயில் பிரஷர் ஏறிய பிறகுதான் பம்ப்புக்குக் கரன்ட் போகும், வண்டி பிடிக்கும். பகலில் பைப்பில் பெட்ரோல் மிச்சம் இருப்பதால் தொட்டாலே ஓடும். பார்ப்பவர்களுக்கு இது பம்ப் கோளாறு போலவே தெரியும், ஆனால் பம்ப் நன்றாக இருக்கும், ஒரு சின்ன ரிலேதான் காரணம். பக்கத்தில் அதே மாதிரி ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பிரஷர் இறங்குகிறது என்று தெரிந்தால் எங்கே இறங்குகிறது என்பது அடுத்த கேள்வி. பிரஷர் கேஜ் ஒன்று வேண்டும். சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் 35 முதல் 45 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) வரை நிற்கும். கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒன்றிரண்டு இன்ஜெக்டர் மட்டும் உட்கார்ந்திருக்கும் வகையில் 10 முதல் 15தான் இருக்கும். அந்த இரண்டாவது வகையில் சில, வண்டியை நிறுத்தியதும் பிரஷர் தானாக இறங்கும்படியே செய்யப்பட்டவை, ஆகவே முள் இறங்குவதைப் பார்த்து அவசரப்பட்டுவிடாதீர்கள். முதல் வகையில் சாவியை அணைத்த பிறகும் முள் பெரும்பகுதி அப்படியே நிற்க வேண்டும். 5 நிமிடத்துக்குள் விறுவிறுவென்று பூஜ்ஜியத்துக்கு வந்தால் ஓட்டை இருக்கிறது.

ஓட்டை இருக்கக்கூடிய இடம் மூன்று: பம்ப்புக்குள் இருக்கும் திரும்பிவராத வால்வு, பிரஷரை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர், இன்ஜெக்டர். பிரஷர் ஏற்றிச் சாவியை அணைத்த உடனே டேங்குக்குத் திரும்பிப்போகும் ரப்பர் ஹோஸை ஒரு கிளாம்ப்பால் அழுத்திப் பிடியுங்கள். இப்போது முள் நின்றால் ரெகுலேட்டர்தான் விடுகிறது. நிற்கவில்லையா, மறுபடி பிரஷர் ஏற்றி அணைத்து, இந்தத் தடவை டேங்கிலிருந்து வரும் ஹோஸை அழுத்துங்கள். முள் நின்றால் பம்ப் வால்வு. இரண்டிலும் நிற்காமல் இறங்கினால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. பம்ப் ஓடும்போது திரும்பும் ஹோஸை அழுத்தாதீர்கள், பிரஷர் கன்னாபின்னாவென்று ஏறிவிடும். பிளாஸ்டிக் குழாயையும், காய்ந்து விறைத்த பழைய ரப்பரையும் அழுத்தவே கூடாது, உடைந்துவிடும். பக்கத்தில் பீடி, சிகரெட், எரியும் எதுவும் கூடாது என்பதையும், தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் நான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

கேஜ் இல்லாவிட்டாலும் சில அடையாளம் உண்டு. ரெகுலேட்டர் தலையில் ஒரு மெல்லிய வேக்கம் ஹோஸ் இருக்கும், அதைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, வேறு சோதனையே வேண்டாம். இன்ஜெக்டர் ஒழுகினால் காலையில் பிடித்ததும் கறுப்புப் புகை ஒரு குபீர், பெட்ரோல் நெடி, முதல் அரை நிமிடம் ஒரு சிலிண்டர் தட்டாமல் தடதடவென்று ஓடும். அந்த சிலிண்டர் பிளக் மட்டும் கறுத்து ஈரமாக இருக்கும். பம்ப் வால்வு விட்டால் புகையும் இருக்காது, நெடியும் இருக்காது, வெறுமனே நேரம் பிடிக்கும். நீங்கள் புகையைப் பற்றி எழுதவில்லை, அதனால் என் சந்தேகம் ரிலே, பம்ப் வால்வு, சென்சார் இந்த மூன்றின் மேல்தான். ஆனால் சந்தேகத்தை வைத்துப் பொருள் வாங்காதீர்கள்.

இன்னும் ஒரு சின்ன விஷயம். சிலருக்குச் செல்ஃப் அடிக்கும் வரை பிடிக்காது, சாவியை விடுகிற அந்த நொடியில் பிடிக்கும். உங்களுக்கு அப்படி இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் பெட்ரோலை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் மொத்தக் கரன்ட்டையும் இழுப்பதால் காயிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் போதுமானது போகவில்லை. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. பேட்டரி புதிது என்கிறீர்கள், சரி, எர்த் வயர் எத்தனை வருடம்? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் வயரில் அரிப்பு ஏறியிருக்கிறது.

கேள்வி: என் பழைய டிரக்கிலும் காலையில் இதே கதைதான். கூலன்ட் சென்சார் கெட்டிருக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். ஆனால் இன்ஜின் லைட் எரியவில்லை, கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறுக் குறியெண்ணான கோடும் (code) எதுவும் இல்லை. மீட்டரிலும் டெம்பரேச்சர் முள் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. அப்படியென்றால் சென்சார் நல்லதுதானே?

பதில்: இரண்டு காரணத்தையும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

முள்ளை முதலில் எடுத்துக்கொள்வோம். பழைய வண்டிகளில் பெரும்பாலும் டேஷ்போர்டு முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறொரு சென்சார். ஒற்றை வயர் போனால் அது முள்ளுக்கானது, இரண்டு வயர் போனால் கம்ப்யூட்டருக்கானது என்பது அநேகமாகப் பொருந்தும். முள் உண்மை சொல்கிறது என்பதற்காக அடுத்தவனும் உண்மை சொல்கிறான் என்று ஆகாது.

அப்புறம் கோடு. கம்ப்யூட்டருக்குச் சென்சார் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்கத் தெரியாது, பழைய கம்ப்யூட்டருக்குச் சுத்தமாகத் தெரியாது. வயர் அறுந்துபோனாலோ ஷார்ட் ஆனாலோ நடக்கவே முடியாத ஒரு டெம்பரேச்சர் வரும், அப்போது கோடு போடும். 10 டிகிரியில் கிடக்கும் இன்ஜினை 50 டிகிரி என்று சென்சார் சொன்னால், 50 என்பது நடக்கக்கூடிய எண்தானே, கம்ப்யூட்டர் நம்பிவிடும். நம்பி, பாதிச் சூடான இன்ஜினுக்கு ஊற்றும் அளவை ஊற்றும். சில்லிட்ட இன்ஜினுக்கு அது காணாது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து ஓபிடி-2 என்ற பொதுவான கோளாறு அறியும் முறை கட்டாயமானது. அதற்கு முந்தைய பல வண்டிகளில் சோதனைச் சாக்கெட்டின் இரண்டு முனையைச் சேர்த்து இன்ஜின் லைட் எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணிக் கோடு படிக்க வேண்டியிருந்தது. அந்தச் சிமிட்டலை மட்டும் நம்பி 'கோளாறு இல்லை' என்று எழுதிக்கொடுப்பது எனக்கு ஒப்பாத காரியம்.

என்னிடம் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். பம்ப் மாற்றியிருந்தார்கள், இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார்கள், கோடு கிடையாது. ராத்திரி என் இடத்திலேயே நிறுத்திவிட்டு, விடியுமுன் பானெட்டைத் திறந்தேன். பிளாக்கில் கையை வைத்தால் ஐஸ் மாதிரி இருக்கிறது. சென்சார் சாக்கெட்டைக் கழற்றி அதன் இரண்டு பின்னிலும் மீட்டரை வைத்தேன், மின்தடை 700 ஓம். அந்த வண்டியின் கையேட்டில் 20 டிகிரிக்கு 2,000 முதல் 3,000 ஓம் வரை, 80 டிகிரிக்கு 200 முதல் 400 வரை என்று போட்டிருக்கிறது. ஆற ஆற ஓம் ஏறும், சூடாகச் சூடாக இறங்கும், அதுதான் இந்தச் சென்சாரின் குணம். 700 என்றால் 50 டிகிரிக்கும் மேலே. கைக்குச் சில்லென்று இருப்பது சென்சாருக்கு வெந்நீராகத் தெரிகிறது. அதே சென்சாரைச் சூடான இன்ஜினில் அளந்தபோது 300 காட்டியது, ரொம்ப சரி. பகலில் வண்டி ஏன் ஒழுங்காக ஓடியது, பட்டறையில் சூடாக அளந்தவர்கள் ஏன் 'சென்சார் நல்லது' என்றார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. ஒரு முனையில் சரியாகவும் மறுமுனையில் தப்பாகவும் காட்டும் சென்சார் இருக்கும் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

வீட்டிலேயே சோதிக்க முடியும். சென்சாரைக் கழற்றி, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும், ஒரு பாத்திரத்தில் ஐஸ் தண்ணீரில் அதன் முனை மட்டும் மூழ்கும்படி தொங்கவிட்டு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரை அடுப்பில் வைத்து மெதுவாகச் சூடாக்கி, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து, 20, 40, 60, 80 என்று நாலு இடத்தில் அளக்க வேண்டும். ஓம் ஒரே சீராக இறங்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு குதி குதித்தாலும், ஐஸில் குறைவாகக் காட்டினாலும் தூக்கிப் போடுங்கள். எந்த டிகிரிக்கு எத்தனை ஓம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே உங்கள் வண்டிக் கையேட்டுப் பட்டியலோடுதான் ஒப்பிட வேண்டும், என் எண்ணோடு அல்ல.

கழற்றச் சோம்பலாக இருந்தால் இன்னொரு வழி. ஆறிய இன்ஜினில் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, அதில் சென்சாருக்குப் பதிலாக 5,000 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் நல்ல குளிரில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துத் தாராளமாக ஊற்றும். ஒரே சாவியில் பிடித்துக்கொண்டால் சென்சார் பொய் சொல்லிக்கொண்டிருந்தது உறுதி. பிடித்ததும் அணைத்துவிடுங்கள், அதோடு ஓட்டாதீர்கள். சிலர் சாக்கெட்டைச் சும்மா கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்வார்கள். அது நம்பகமில்லை. சென்சார் காணோம் என்றதும் சில கம்ப்யூட்டர்கள் 80 டிகிரி என்று தாமாக வைத்துக்கொள்ளும், சில கடுங்குளிர் என்று வைத்துக்கொள்ளும், உங்களுடையது எது என்று தெரியாமல் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

உங்கள் வண்டியில் ஸ்கேனர் போட வழி இருந்தால் இன்னும் சுலபம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யுமுன், கூலன்ட் டெம்பரேச்சரையும் உள்ளே வரும் காற்றின் டெம்பரேச்சரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி ஆறிக் கிடக்கும் நேரம் அது, இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்க வேண்டும். 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒன்று தப்பு.

சாக்கெட் பின்னில் பச்சை பூத்திருந்தால் கதை தலைகீழாகும். அரிப்பால் ஓம் ஏறும், கம்ப்யூட்டருக்கு எப்போதும் குளிராகவே தெரியும், சூடான பிறகும் அதிகமாக ஊற்றிக்கொண்டே இருக்கும். கறுத்த பிளக், கறுப்புப் புகை, பெட்ரோல் செலவு எல்லாம் இதில் வரும். கூலன்ட் குறைந்து சென்சார் காற்றில் தொங்கினாலும் தப்பாகக் காட்டும், அதையும் ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: ஸ்டார்ட் செய்யுமுன் ஆக்சிலரேட்டரை இரண்டு மூன்று தடவை மிதிப்பது என் அப்பா காலத்துப் பழக்கம். இன்ஜெக்‌ஷன் வண்டியிலும் செய்யலாமா?

பதில்: பலன் இல்லை. கார்புரேட்டரில் மிதித்தால் உள்ளே ஒரு சின்ன பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சும், அதனால் அப்பா செய்தது சரி. இன்ஜெக்‌ஷனில் மிதி காற்றுக் கதவை மட்டும்தான் திறக்கிறது, பெட்ரோலைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், காலை எடுத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஒரே ஒரு இடத்தில் மிதி உதவும். பலமுறை முயன்று பிளக் எல்லாம் நனைந்துவிட்டால் மிதியைத் தரைவரை அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். நிறைய வண்டிகளில் அப்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டு வெறும் காற்றை ஓடவிடும், உள்ளே தேங்கியது காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: எனக்கு ஸ்டார்ட்டிங்கில் குறையே இல்லை, உடனே பிடிக்கிறது. ஆனால் மிதியிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடுகிறது. இரண்டு நிமிடம் ரேஸ் கொடுத்தபடியே நின்றால்தான் நிற்கிறது. இன்ஜெக்டர் சர்வீஸ் செய்தும் அப்படியேதான்.

பதில்: இது வேறு நோய், மேலே உள்ளவர்களின் மருந்து உங்களுக்கு ஆகாது. உங்களுக்குப் பெட்ரோல் கிடைக்கிறது, காற்று காணவில்லை. ஆறிய இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், எல்லாம் இறுகியிருக்கும், அதைச் சுற்ற வைக்க சூடான நேரத்தைவிட அதிகக் காற்றும் பெட்ரோலும் வேண்டும். மூடிய காற்றுக் கதவைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு தனிப் பாதை அந்தக் காற்றைத் தருகிறது. நீங்கள் காலால் மிதித்துத் தருவதும் அதே காற்றைத்தான், அதனால்தான் ரேஸ் கொடுத்தால் நிற்கிறது.

கொஞ்சம் பிந்திய வண்டி என்றால் அங்கே கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கும் ஐடில் வால்வு இருக்கும். கழற்றிப் பார்த்தால் முனை கரி அடைத்து, தார் பூசியதுபோல இருக்கும், நகரவே முடியாமல். காற்றுக் கதவு சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயும் பழைய டூத்பிரஷும் போதும். முனையைக் கையால் இழுக்கவோ அமுக்கவோ வேண்டாம், உள்ளே பல் உடையும். அதற்கும் முந்திய வண்டியில், 1970-களில் வந்த போஷ் எல்-ஜெட்ரானிக் வழிவந்தவை போன்றவற்றில், கம்ப்யூட்டர் தொடர்பே இல்லாத ஒரு காற்று வால்வு இருக்கும். சூட்டுக்கு வளையும் இரட்டை உலோகத் தகடோ மெழுகோ அதைத் தானாக மூடும். ஆறியிருக்கும்போது அதன் ஹோஸை இடுக்கியால் அழுத்திப் பாருங்கள். ஆர்பிஎம் இறங்கினால் வால்வு திறந்துதான் இருக்கிறது, ஒரு மாற்றமும் இல்லையென்றால் அடைத்துக்கொண்டிருக்கிறது. சூடான பிறகு அழுத்தினால் மாற்றம் இருக்கக்கூடாது. இந்த ஒரு சோதனைக்கு இடுக்கியைத் தவிர எந்தக் கருவியும் வேண்டாம், செய்துவிட்டு எழுதுங்கள்.

வால்வு நன்றாக இருந்தால் வேக்கம் லீக்கை, அதாவது அளவுக்கு மீறி காற்று உள்ளே புகும் இடத்தைத் தேடுங்கள். ஆறும்போது பழைய ரப்பரும் கேஸ்கெட்டும் சுருங்கிக் காற்று விடும், சூடானதும் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும், ஆகவே இதையும் காலையில்தான் பிடிக்க முடியும்.

கேள்வி: என் 1980-களின் டிரக்கில் நாலு சிலிண்டருக்கு ஐந்து இன்ஜெக்டர் இருக்கிறது. ஐந்தாவது எதற்கு? அதைக் கழற்றிவிட்டு அடைத்துவிடலாம் என்கிறார்களே?

பதில்: அடைக்காதீர்கள்! அதுதான் உங்கள் வண்டியின் சோக். மேனிஃபோல்டு நடுவில் உட்கார்ந்து, செல்ஃப் சுற்றும் சில விநாடி மட்டும் எல்லா சிலிண்டருக்கும் பொதுவாகப் பெட்ரோல் தூவும். கூலன்ட்டில் மாட்டியிருக்கும் தெர்மோ டைம் சுவிட்ச் என்ற ஒன்று அதைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே இரட்டை உலோகத் தகடு, அதைச் சுற்றி ஒரு சின்ன ஹீட்டர் கம்பி. செல்ஃப் அடித்ததும் கம்பி சூடாகித் தகடு வளைந்து இணைப்பை வெட்டிவிடும். எந்த டிகிரிக்கு மேல் வேலை செய்யாது, அதிகபட்சம் எத்தனை விநாடி என்பது பல போஷ் சுவிட்சுகளின் உடம்பிலேயே அச்சடித்திருக்கும், உதாரணமாக 35 டிகிரி, 8 விநாடி. அந்த 8 விநாடி கடுங்குளிரில், மைனஸ் 20 டிகிரி வாக்கில். குளிர் குறையக் குறைய நேரமும் குறையும்.

ஆறிய இன்ஜினில் ஐந்தாவது இன்ஜெக்டரின் சாக்கெட்டைக் கழற்றி ஒரு டெஸ்ட் லாம்ப் மாட்டி, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சில விநாடி எரிந்து அணைந்தால் சுவிட்ச் நல்லது, எரியவே இல்லையென்றால் சுவிட்சோ வயரிங்கோ போயிருக்கிறது. லாம்ப் எரிந்தும் வண்டி பிடிக்கவில்லையென்றால் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: அந்த இன்ஜெக்டர் மூடாமல் சொட்டினால் காலையில் நன்றாகப் பிடிக்கும், சூடாக நிறுத்தி 20 நிமிடம் கழித்துத் தொட்டால் நனைந்துபோய்த் திணறும். இது ஒரு சிறிய பொருள், வருடக்கணக்கில் யாரும் தொடாமலே கிடக்கும். ஒழுங்குபடுத்திவிட்டால் பழைய வண்டியும் புதிதுபோல ஒரே சாவியில் எழுந்திருக்கும்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் பிடிப்பதில்லை. வெயில் வந்ததும் சரியாகிவிடுகிறது.

பதில்: பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைத் திறந்து உள்ளே துடையுங்கள், முடிபோல மெல்லிய கரிக்கோடு ஓடியிருக்கிறதா பாருங்கள். ராத்திரி இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்கள் மேல் தண்ணீரை லேசாகத் தூவினால் எங்கே நீலப்பொறி தாவுகிறது என்று கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். மூடி, ரோட்டர், வயர் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

கேள்வி: என்னுடையது டீசல், பழைய மெக்கானிக்கல் பம்ப். காலையில் ரொம்ப நேரம் சுற்றி, வெள்ளைப் புகை கக்கி, அப்புறம்தான் எழுந்திருக்கிறது. ஈதர் ஸ்ப்ரே அடித்தால் உடனே பிடிக்கிறது, தினமும் அடிக்கலாமா?

பதில்: அடிக்கவே கூடாது, இன்றோடு நிறுத்துங்கள். டீசல் எரியச் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் பழுத்துச் சிவந்திருக்கும் இடத்தில் ஈதர் போனால் பிஸ்டன் மேலே வருமுன்னே வெடிக்கும். இப்படி ரிங் உடைந்த வண்டிகளும் உண்டு, பிஸ்டன் வெடித்த வண்டிகளும் உண்டு.

செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வருகிறது என்பது நல்ல செய்தி. டீசல் உள்ளே போகிறது, எரிய மட்டும் சூடு போதவில்லை என்று அர்த்தம். புகையே வராமல் சுற்றினால்தான் டீசல் வரவில்லை, எங்கோ ஏர் பிடித்திருக்கிறது என்று தேட வேண்டும். ஆகவே உங்களுக்கு முதலில் ஹீட்டர் பிளக். வயரையும் பிளக்குகளை இணைக்கும் பட்டையையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக ஓம் அளந்து பாருங்கள். நல்லது ஓரிரு ஓமுக்குள் இருக்கும், செத்தது எல்லையில்லாமல் காட்டும். நேராகப் பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுத்துச் சோதிக்காதீர்கள், சில பழைய வண்டிகளில் பிளக் 12 வோல்ட்டுக்கானது அல்ல, பொசுங்கிவிடும். எல்லாம் நல்லதாக இருந்தால் சாவியைத் திருப்பியதும் அந்தப் பட்டைக்குக் கரன்ட் வருகிறதா, எத்தனை விநாடி நிற்கிறது என்று பாருங்கள், ரிலே அடிக்கடி போகும். அதற்கும் மேல் என்றால் கம்ப்ரஷன், செல்ஃப் சுற்றும் வேகம் இரண்டும். டீசல் தன் காற்றைத் தானே அமுக்கிச் சூடேற்றுகிறது, மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சுவரில் இறங்கிவிடும், எவ்வளவு டீசல் தெளித்தாலும் வெள்ளைப் புகைதான்.

ஏர் பிடிக்கும் சந்தேகம் உள்ள மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பம்ப்புக்குப் போகும் ஹோஸில் ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் குழாயை இடையில் மாட்டிவிட்டுக் காலையில் பாருங்கள். முந்தின நாள் முழுசாக இருந்த டீசல் பாதியாக இறங்கியிருந்தாலோ, செல்ஃப் அடிக்கும்போது குமிழ் ஓடினாலோ, டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. ஒழுகல் வெளியே தெரியாது, டீசல் வெளியே வராத துளையிலும் காற்று உள்ளே போகும். கைப்பம்ப் அடித்தால் உடனே பிடிக்கிறது என்பதும் இதற்கு அடையாளம்தான்.

கேள்வி: ஸ்டார்ட் ஆன பிறகு எவ்வளவு நேரம் நின்ற இடத்தில் ஓடவிட வேண்டும்? நான் 10 நிமிடம் விடுகிறேன்.

பதில்: பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு 10 நிமிடம் ரொம்ப அதிகம். ஆயில் லைட் அணைந்து, சுற்று சீரானதும், அரை நிமிடமோ ஒரு நிமிடமோ போதும், மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள், முதல் சில கிலோமீட்டர் ரேஸ் ஏற்றாமல். நின்ற இடத்தில் ஓடும்போது ஊற்றும் கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவிவிடும், இன்ஜினும் ஓட்டும்போது ஆகிற அளவுக்குச் சீக்கிரம் சூடாகாது. 10 நிமிடம் விட்டும் முள் மேலே ஏறவில்லை, ஓட்டினாலும் நடுவுக்கு வரவில்லை என்றால் அந்தக் கேள்வியைத் தனியாக எழுதுங்கள், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.